மலைக்காரனுக்கு அலை எதுக்கு?

சனிக்கிழமை காலை நாலரை மணிக்கு ஆபீஸ் போகிற மனுஷன் எவனாவது எழுந்திருப்பானா? நான் எழுந்தேன். அலாரத்தை அமுக்கிவிட்டுப் பூனை மாதிரி நடந்தும், வாசல் தாழ்ப்பாள் காட்டிக் கொடுத்துவிட்டது.

''எங்கே கிளம்பிட்டீங்க?''

''கோவளம்.''

''மோட்டார் பணத்தை எடுத்துட்டா?''

''சேச்சே! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?''

சம்பந்தம் இருந்தது. அப்புறம் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் முள்ளுக்குறிச்சி. ராசிபுரத்தில் பஸ் ஏறி நாமகிரிப்பேட்டையைத் தாண்டி வந்தால், கொல்லிமலை திடீரென்று எழுந்து ''இதுக்கு மேல எங்க போறே?'' என்று ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும். அந்த அடிவாரம்தான். மேலேயிருந்து பலாப்பழமும் மிளகும் வாழைத்தாரும் இறங்கும். கீழே மஞ்சள், மரவள்ளி. கடல் என்பது எங்களுக்கு சினிமாவில் ஹீரோயின் ஓடி வருகிற இடம். அவ்வளவுதான்.

நீச்சல் படித்தது கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, பின்னாலிருந்து மாமா ஒரு தள்ளு தள்ளுவார். பிறகு வெற்றிலையை மடித்தபடி மேலேயே உட்கார்ந்திருப்பார். மூன்றாவது முறையும் நாம் மேலே வரவில்லையென்றால்தான் வேட்டியை அவிழ்ப்பார். இப்பேர்ப்பட்ட பல்கலைக்கழகத்தில் தேறியவன் நான்.

பிழைப்புக்கு சென்னை வந்து, பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. ஒருநாள் ஆபீஸ் நண்பர்கள் முட்டுக்காடு பேக்வாட்டருக்கு இழுத்துப் போனார்கள். அங்கேதான் முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்தேன். பத்தரை அடி நீளம், முப்பத்திரண்டு அங்குல அகலம். மேலே ஏறி நின்றுகொண்டு நீளத் துடுப்பால் வலித்துப் போகவேண்டும். ஸ்டாண்ட் அப் பேடில் என்கிறார்கள். ஸ்டைலாகச் சொன்னால் 'சப்'.

ஹவாய் சமாசாரம் இது. வைகிக்கி கடற்கரையில் டூரிஸ்ட்டுகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்த ஆசாமிகள், போன நூற்றாண்டின் மத்தியிலேயே பலகைமேல் நின்று துடுப்புப் போட்டார்களாம். அதை 2000-க்குப் பிறகு உலகம் பூரா பிரபலப்படுத்தியவர்களில் லெய்ர்ட் ஹாமில்டன் முக்கியமானவர். மலை மாதிரி அலைகளில் சவாரி செய்கிற சூரர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கட்டுமரக்காரர்கள் எத்தனை தலைமுறையாக நாலு கட்டைகளைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் நின்றும் முழங்காலிட்டும் துடுப்புப் போட்டு அலையைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்! இங்கிலீஷ்காரன் 'கட்டமரான்' என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டதே நம்மிடமிருந்துதான். வார்த்தையை ஏற்றுமதி செய்துவிட்டு, பலகையை இறக்குமதி செய்துகொண்டோம்.

இரண்டு வருஷம் முட்டுக்காட்டின் அசையாத தண்ணீரில் ஓட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரனாகிவிட்டேன். அந்தப் பெரிய பலகைமேல் நின்றுகொண்டே டீ குடிக்கலாம், தினசரி படிக்கலாம், மாமியாருடன் போனில் பேசலாம். கொஞ்சம் தலைக்கனம் வந்தது. தலைக்கனம் வந்தால் அடுத்து என்ன வரும்? ஆசை வரும்.

அந்த ஆசைக்கு எட்டடி நீளம். தெரிந்தவர் ஒருவர் ஊரை விட்டுப் போகிறார், தன் அலைப் பலகையை விற்கிறார் என்று தகவல். கடல் அலையில் சறுக்குவதற்கென்றே செய்த குட்டைப் பலகை. எட்டடி நீளம், இருபத்தொன்பது அங்குலம், நூற்றுப் பதினைந்து லிட்டர். விலை நாற்பத்தைந்தாயிரம். என் போனஸ் ஐம்பதாயிரம். ஊரில் கிணற்று மோட்டார் காயில் எரிந்துபோய் ஏற்கெனவே இரண்டு தடவை கட்டியாகிவிட்டது. ''இனிமே இது தாங்காதுன்னு சொல்லிட்டான் சாமி. புதுசு போடணும். உனக்கு சவுரியப்பட்டா பாரு'' என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். மஞ்சள் நட்டு மூன்று மாசம். மழையையே நம்பி நிற்கிறது. அப்பா எதையும் இரண்டாவது தடவை கேட்கிற ஜாதி இல்லை. அதுதான் கஷ்டம்.

ஓட்டிப் பார்க்கத்தான் போகிறேன், வாங்கவா போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

ஆறு மணிக்குக் கோவளம். 1752-ல் ராபர்ட் கிளைவ் பிடித்த கோட்டை இங்கேதான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் நட்சத்திர ஹோட்டல். இந்த மீனவர் குப்பத்தைத்தான் அலைச்சறுக்கு மாற்றிப் போட்டது. மூர்த்தி மேகவன் என்கிற உள்ளூர் மீனவர், இரவல் பலகையில் தானாகவே கற்றுக்கொண்டு குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிறகு தொழிலதிபர் அருண் வாசு கைகொடுக்க, 2012-ல் முறையான பள்ளிக்கூடமே வந்தது. அப்புறம் திருவிழா, போட்டி எல்லாம். 2025 ஆகஸ்டில் பக்கத்து மகாபலிபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்து, நம் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். துடுப்புப் பலகைக்கும் ஆள் இருக்கிறது. தமிழ்நாட்டின் சேகர் பச்சை தேசிய அளவில் ஜெயித்தவர்.

நான் போனது கரையோரத்தில் இருந்த வேறொரு சின்ன ஷெட். பலகை அங்கேதான் சாத்தியிருந்தது. கூட வருவதற்கு ஒரு தம்பி. இருபத்திரண்டு வயசு இருக்கும். உடம்பு தேக்குக் கட்டை.

''அண்ணா, பேக்வாட்டர்ல எத்தினி நாள்?''

''ரெண்டு வருஷம்!'' என்றேன் கம்பீரமாக.

''அத்த மறந்துடுங்க'' என்றான்.

முதலில் துடுப்பைப் பிடுங்கிக் குட்டையாக்கினான். அமைதியான தண்ணீருக்கு என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம் வைத்திருப்பேன். அலைக்குப் பாதிச் சாண் போதுமாம். குனிந்து நிற்கவேண்டும் அல்லவா?

ஏறினேன். விழுந்தேன். ஏறினேன். துடுப்பைத் தண்ணீருக்குள் விடுமுன் விழுந்தேன்.

விஷயம் சுலபமான கணக்கு. என் எடை எழுபத்தெட்டு கிலோ, பலகை எட்டு. மொத்தம் எண்பத்தாறு. மிதக்கவைக்க நூற்றுப் பதினைந்து லிட்டர்தான் இருக்கிறது. மிச்சம் முப்பது லிட்டர்கூட இல்லை. முட்டுக்காட்டுப் பலகையில் நூற்றுஎண்பது லிட்டர், அதாவது என்னைப் போல் இன்னொருத்தனைச் சுமக்க இடம். அது எருமை. இதுவோ மூக்கணாங்கயிறு போடாத காளைக்கன்று. பக்கவாட்டில் மட்டுமா ஆடுகிறது? முன்னும் பின்னும்கூட ஊஞ்சலாடுகிறது. பெரிய பலகை ஒரு வலி வலித்தால் நாலு ஆள் தூரம் தானே வழுக்கிக்கொண்டு போகும். இது வலிப்பதை நிறுத்தின மறுநிமிஷம் நின்றுவிடும். நின்றால் ஆட்டம், ஆட்டம் வந்தால் குளியல்.

''ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வெக்காதீங்கண்ணா. ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன. துடுப்பு தண்ணிக்குள்ளயே இருக்கணும். அதான் உங்க மூணாவது காலு.''

மூன்றாவது கால் வேலை செய்தது. பதினோரு குளியலுக்குப் பிறகு ஒருவழியாக நின்றேன். அதற்குள் தெற்கேயிருந்து வடக்கே ஓடுகிற நீரோட்டம், தெண்டி என்கிறார்கள் அதை, எங்களை ஷெட்டுக்கு நேரேயிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தது. திரும்பத் தெற்கே வலித்துப் போவதற்குள் தோள்பட்டை கழன்றது.

முதல் அலை. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் உயர்கிறது. ''வலி... வலி... வலி...!'' என்று தம்பி கத்துகிறான். வலித்தேன். அலை தூக்கியது. பலகையின் மூக்கு நேராகக் கீழே போய்ச் சொருகியது. நானும் அதன் பின்னாலேயே கோவளத்தின் அடி மணலைத் தரிசித்துவிட்டு வந்தேன். மூக்கு வழியாக உள்ளே போன உப்பு இன்னும் ஏதோ ஒரு மூலையில் பாக்கி இருக்கிறது.

''பின்னாடி வாங்கண்ணா. பின்காலு வாலு மேல வரணும்.''

அப்போதுதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால் ஆறு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு மலையிறங்குவார்கள். பின்பாரம் ஏற ஏற முன்சக்கரம் லேசாகும். ஹேண்டில் ஒரு விரலுக்குத் திரும்பும். அதே சங்கதிதான்! பின்காலை வாலில் வைத்தால் மூக்கு எழும்புகிறது, அந்தக் காலையே அச்சாக வைத்துப் பலகை திரும்புகிறது. பெரிய பலகை டவுன் பஸ். திரும்ப இரண்டு தெரு வேண்டும்.

ஐந்தாவது அலையோ ஆறாவது அலையோ, சரியாக அமைந்தது. வலித்தேன், தூக்கியது, கால் பின்னால் போனது. துடுப்பை வலது பக்கம் அலையின் சுவரில் ஊன்றி, வலப்பக்கமாகச் சாய்ந்தேன். பலகை திரும்பியது ஸார்! அலை எனக்குப் பக்கத்தில் பச்சையாக, கண்ணாடி மாதிரி ஓடிவருகிறது. காலுக்கடியில் கரகரவென்று சத்தம். நாலு செகண்ட் இருக்கும். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டேன். (அவள் இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.)

நாற்பத்தைந்தாயிரம் கொடுத்துவிடுவது என்று அந்த நாலாவது செகண்டில் தீர்மானித்தேன். மோட்டாருக்கு லோன் போட்டால் போச்சு.

அடுத்த அலையையும் பிடித்தேன். சாய்ந்தேன். எதிரே ஒரு தலை.

குப்பத்துப் பையன். பத்து வயசு இருக்கும். சின்னப் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் நீந்தி உள்ளே வந்துகொண்டிருக்கிறான். எதிரே ஆள் வந்தால் மோதாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எனக்குத் தெரியும். கொல்லிமலையில் காரவள்ளிப் பக்கம் எழுபது கொண்டை ஊசி வளைவு. அங்கே வண்டி ஓட்டப் பழக்கிய மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: ''பள்ளத்தைப் பாக்காதே. பாத்தா அங்கதான் போவே. போகவேண்டிய எடத்தைப் பாரு.'' அதுவும் தெரியும்.

இருந்தும் நான் பையனைத்தான் பார்த்தேன். பலகை பையனை நோக்கித்தான் போனது.

பயத்தில் குதித்துவிட்டேன். அங்கேதான் தப்பு. கணுக்காலில் கட்டிய கயிறு எட்டடி, பலகை எட்டடி. ஆக, என்னைச் சுற்றிப் பதினாறடிக்கு ஆளில்லாத ஒரு கத்தி சுழல்கிறது. அடியிலே துடுப்பு மாதிரி மூன்று இறக்கைகள் வேறு. தண்ணீருக்குள் கயிறு 'விண்'ணென்று இழுத்ததை உணர்ந்தேன். எனக்குக் கண் தெரியவில்லை. 'முருகா, முருகா' என்று மட்டும் ஓடியது.

தலையைத் தூக்கினேன். பையனைக் காணோம். அவன் பலகை மட்டும் குப்புற மிதந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அந்த நாலு செகண்டைவிட நீளம்.

பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலை முளைத்தது. பலகை வருவதைப் பார்த்துவிட்டு அடியில் முங்கி, எனக்குக் கீழாகவே போய் அந்தப் பக்கம் எழுந்திருக்கிறான்! மூக்கைச் சிந்திவிட்டு, ''ஒத்திப் போண்ணா! இது இன்னா உன் பஸ் ஸ்டாண்டா?'' என்றான். மறுபடி படுத்து அடுத்த அலைக்குப் போய்விட்டான்.

எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. முழங்காலில் உட்கார்ந்தபடியே கரைக்கு வலித்து வந்தேன். தம்பி மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

''வுழறது தப்பில்லண்ணா. போர்ட வுட்டுட்டு வுழறதுதான் தப்பு. அப்டியே குந்திக் கெட்டியாப் புட்ச்சிருக்கலாம். இல்ல, பின்கால அமுக்கி அலைக்கு அந்தாண்ட திருப்பிருக்கலாம். அது கையிக்கு வர வரைக்கும் ஆளில்லாத எடமா ஓட்டுங்க. அவன் எங்க அக்கா பையன்.''

பலகையை ஷெட்டில் சாத்தினேன். விற்பவருக்கு போன் போட்டு, ''இன்னும் அதுக்கு நான் ரெடியாகல ஸார்'' என்றேன். ''இன்னொருத்தர் கேட்டிருக்கார், குடுத்துடவா?'' என்றார். தொண்டையில் ஏதோ அடைத்தது. குடுத்துடுங்க என்றேன்.

அடுத்த வாரம் புது மோட்டாரோடு ஊரில் இறங்கினேன். மெக்கானிக் இறக்கிப் பூட்டி சுவிட்சைப் போட, தண்ணீர் குழாயில் முட்டிக்கொண்டு வந்து மஞ்சள் வரப்பில் பாய்ந்தது. அப்பா பாத்தியைப் பார்க்காமல் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காயம்.

''ஆபீஸ்ல என்னடா சாமி வேல குடுக்கறாங்க உனக்கு?''

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, நாற்பத்தைந்தாயிரம், அந்தப் பையன், எல்லாம். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், ''நின்னுக்கிட்டேவா போறது?'' என்றார்.

''ஆமாப்பா.''

கிணற்றோரம் தார் வெட்டின வாழை இரண்டு சாய்ந்து கிடந்தன. கயிற்றை எடுத்து அவரே இரண்டையும் சேர்த்துக் கட்டினார். மூங்கில் ஒன்றை என் கையில் கொடுத்தார்.

''எங்க, நின்னு காட்டு.''

படியில் இறங்கி ஏறினேன். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, மூங்கில் தண்ணீருக்குள். மூன்று எண்ணுவதற்குள் வாழைத்தண்டு உருண்டது. முங்கி எழுந்தபோது மேலேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது:

''டேய், மோட்டார நிறுத்துங்கடா! பையன் உள்ள கெடக்கறான்!''