குழந்தையின் கைக்குப் பயிற்சி: யாருக்குக் கற்றுத் தருகிறோம்?

பிரசவத்தில் தலை வெளியே வந்த பிறகு குழந்தையின் தோள் மாட்டிக்கொள்வது உண்டு. அப்போது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபட்டுக் காயமாகலாம். ஏறத்தாழ ஆயிரம் பிரசவங்களில் ஒன்றில் இப்படி நடக்கிறது. இதில் அதிகம் காணப்படும் வகைக்கு எர்ப்ஸ் பால்சி என்று பெயர். குழந்தையால் தோளைத் தூக்க முடியாது, முழங்கையை மடக்க முடியாது. கை உள்பக்கம் திரும்பித் தொங்கும். குழந்தை எடை கூடியிருப்பது, தாய்க்குச் சர்க்கரை இருப்பது போன்றவை இதற்கான வாய்ப்பைக் கூட்டும். கிரகணமோ, தாய் 'சரியா முக்காததோ' காரணம் அல்ல. எங்கள் பெண்கள் இந்த இரண்டு பழியையும் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். ஒன்று வீட்டில் கிடைத்தது, இன்னொன்று பிரசவ அறையில் கிடைத்தது.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான குழந்தைகளுக்கு நரம்பு தானாகவே தேறிவிடும். ஆனால் அது தேறும்வரை மூட்டு இறுகிவிடக் கூடாது. அதற்குத்தான் இயன்முறைப் பயிற்சி. அதை மருத்துவமனையில் வாரம் ஒருமுறை செய்தால் போதாது. வீட்டில் ஒவ்வொரு நாளும் பலமுறை செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்குள் முழங்கை மடங்கத் தொடங்குகிறதா என்று பார்த்துத்தான் அறுவைச் சிகிச்சை தேவையா என்று யோசிப்பார்கள். ஆகவே முதல் மூன்று மாதம் முக்கியம்.

இங்குதான் சாதியும் கூலியும் உள்ளே வருகின்றன.

மருத்துவமனையில் பயிற்சியைத் தாய்க்குச் சொல்லித் தருகிறார்கள். அதுவும் ஐந்து நிமிடம், நின்றுகொண்டே. குழந்தையைத் தொடாமல், காற்றில் கையசைத்துக் காட்டிவிட்டு "புரியுதா?" என்று கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். அதே அறையில், அடுத்து வந்த குழந்தையை அவர் மடியில் வாங்கிக்கொண்டார். முகவரியில் 'காலனி' என்று இருந்தது எங்கள் குழந்தைக்கு மட்டும்தான். அடுத்த முறை வராவிட்டால் சீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவார்கள். நகரப் பேருந்துதான் பெண்களுக்கு இலவசம், மாவட்டத் தலைநகருக்குப் போகும் பேருந்து இலவசமில்லை. ஒருநாள் கூலியும் போகும். சீட்டில் இதற்கெல்லாம் இடமில்லை.

நாற்பதாம் நாளே கரும்பு வெட்டப் போகும் தாயின் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஆயா. இல்லையென்றால் மூத்த பெண் பிள்ளை. அதனால் நாங்கள் வீட்டுக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "குழந்தைய யாரு குளிப்பாட்டுறது?" என்பதுதான். "எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலியே" என்பார் ஆயா. ஆனால் குழந்தையின் உடம்பு அவர் கைக்குத்தான் பழக்கம். காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுக்கொள்ளும் அந்த நேரமே பயிற்சி நேரம்.

காறை எலும்பு முறிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்த்து, பயிற்சியைத் தொடங்கலாம் என்று சொன்ன பிறகு, குழந்தையை நேரில் பார்த்த இயன்முறை மருத்துவர் காட்டிய அசைவுகளை மட்டும் செய்கிறோம். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவது. முழங்கையை மடக்கி நீட்டுவது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது. குழந்தை வீறிட்டால் நிறுத்திவிட வேண்டும். கையைப் பிடித்துத் தூக்குவதும், எண்ணெய் தேய்க்கும்போது சுண்டி இழுப்பதும் கூடாது. சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். தூளியில் போட்டால் கை உடம்புக்கு அடியில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லி முடித்ததும், "ஆயா, இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்று கேட்போம். அவர் கை செய்வதைப் பார்த்தால் போதும், எது புரிந்தது எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். வாசிக்கத் தெரியாதவர் என்பது அங்கே ஒரு தடையே இல்லை.

ஆனால் ஆயாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் தாய் குழந்தையோடு இருக்க முடியாத நிலைதான் மூலப் பிரச்சினை. 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு பலன் மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், அந்தச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றார். 2017இல் 26 வாரமாக உயர்ந்த சம்பள விடுப்பு, வயலில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் தவணை தவணையாக வருகிறது, அதிலும் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கூலிக்கு அது ஈடாகாது.

சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகள் இரண்டு வேலைகளைக் கையில் எடுக்கலாம். உங்கள் வட்டாரத்தில், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை மருத்துவர் இப்படிப்பட்ட கைக்குழந்தைகளின் வீட்டுக்கும் வர வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனுக் கொடுங்கள். அவர் வரும் நாளில், கற்றுக்கொள்ள ஆயாவும் அக்காவும் வீட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள். 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிய சீட்டு உங்கள் கண்ணில் பட்டால், யார் யாரோடு ஒத்துழைக்கவில்லை என்று எழுதியவரிடமே கேளுங்கள்.