கழுத்தைத் திருக லைசென்ஸ்

மூணு வாரமா கழுத்து வலி. பொட்டி தட்டுற பொழப்புல இதெல்லாம் போனஸ் மாதிரி, சம்பளத்தோட சேர்ந்தே வரும் :-) ஆன்சைட்னு இல்லினாய்ஸ்ல மோலின்ங்கிற ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. மிசிசிப்பி ஆத்துப் பாலத்தைத் தாண்டினா அயோவா மாநிலம், டேவன்போர்ட் ஊர். "அங்க ஒரு கைரோபிராக்டர்கிட்ட போ, கழுத்துல சொடக்கு எடுத்தா வலி பறந்துடும்"னார் கூட வேலை பார்க்கிற அமெரிக்கர். அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு அம்மாகிட்ட போன்ல சொன்னேன்.

"அவர் டாக்டருக்குப் படிச்சவராடா?"

ஙே!

எனக்குத் தெரிஞ்ச கழுத்து வைத்தியம், ஊர்ல முடி வெட்டி முடிச்சதும் சலூன் அண்ணன் தலையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் மடக் மடக்னு திருப்புவாரே, அதுதான். அதுக்கு எந்த யுனிவர்சிட்டில டிகிரி குடுக்கறாங்க? அன்னிக்கு ராத்திரி ஆணி புடுங்கி முடிச்சதும் தேட உட்கார்ந்தேன்.

குடுக்கறாங்க மக்களே. முதல்ல சாதாரண காலேஜ்ல குறைஞ்சது 90 கிரெடிட், அதாவது சுமார் மூணு வருஷப் படிப்பு. அப்புறம்தான் கைரோபிராக்டிக் காலேஜ். அங்க குறைஞ்சது 4,200 மணி நேரம் பாடமும் பயிற்சியும். உடற்கூறு, உடலியக்கம், நோய்க்குறியியல், எக்ஸ்ரே பார்க்கிறதுன்னு எல்லாம் உண்டு. பட்டத்துக்குப் பேர் 'டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்'. எம்.டி. இல்லை, அறுவை சிகிச்சை கிடையாது, பெரும்பாலான மாநிலங்கள்ல மருந்துச் சீட்டும் எழுத முடியாது.

பட்டம் வாங்கினா முடிஞ்சுதா? இல்லை. தேசியத் தேர்வு வாரியம் நடத்தற பரிட்சை நாலு பாகம். முதல் பாகம் அடிப்படை அறிவியல், ரெண்டும் மூணும் நோயைக் கண்டுபிடிச்சுக் கையாளுறது, நாலாவது செய்முறை. அதுக்கும் மேல மாநில வாரியத்துகிட்ட லைசென்ஸ் வாங்கணும். பல மாநிலங்கள்ல அந்த ஊர்ச் சட்டத்துலயும் ஒரு பரிட்சை. லைசென்ஸைப் புதுப்பிக்க மறுபடி வகுப்புகள். நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, அரியர் வச்சு, தேறி வந்தவன். நான் எழுதுற கோடுக்கு இதுவரைக்கும் ஒருத்தனும் லைசென்ஸ் கேட்டதில்லை.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த வைத்தியம் பொறந்ததே அதே டேவன்போர்ட்லதான். 1895ல டி.டி.பால்மர்ங்கிறவர், காது கேட்காத ஹார்வி லில்லார்டுங்கிற துப்புரவுத் தொழிலாளியோட முதுகெலும்பைத் தட்டிச் சரி பண்ணினதும் காது கேட்டுச்சுன்னு கதை. (காது நரம்பு முதுகெலும்பு வழியா போறதே இல்லை, அது வேற விஷயம்.) 1897லயே அங்க பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டார். 1906ல, லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பார்த்தார்னு அவரையே உள்ள தள்ளினாங்க! கைரோபிராக்டர்களுக்குன்னு முதல் லைசென்ஸ் சட்டம் 1913ல கான்சாஸ்ல வந்தது. கடைசி மாநிலமான லூசியானா ஒத்துக்கிட்டது 1974ல.

சரி, லைசென்ஸ் இருந்தா வைத்தியமும் சரின்னு ஆயிடுமா? ஆகாதுன்னுதான் தோணுது. முதுகு வலிக்கு ஓரளவு பலன் இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. ஆஸ்துமா அது இதுன்னு போனா உருப்படியான ஆதாரம் இல்லை. கழுத்தைத் திருகினதுக்கப்புறம் ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்ததும், அபூர்வம்னாலும், நடந்திருக்கு. இதையெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்குப் படிச்சா தூக்கம் எங்க வரும்? ஆனாலும் மறுநாள் போனேன். வலி அப்படி.

வயசு அம்பதுக்கு மேல இருக்கும் அவருக்கு. சுவத்துல சட்டம் போட்ட சர்டிஃபிகேட்டுகள். படுக்கச் சொல்லுவார், மடக்னு ஒரு சத்தம் கேட்கும்னு பல்லைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ கேள்வியா கேட்டார். கை மரத்துப் போகுதா? ஆமா, வலது கை. எதையாவது தவற விடறீங்களா? ரெண்டு நாள் முன்னாடி காபி கப். (அதைத் தூக்கக் கலக்கம்னு நினைச்சிருந்தேன்.) சின்ன சுத்தியலால முழங்கையில தட்டிப் பார்த்தார். அவரோட ரெண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இடது கை பிடிச்சுது. வலது கையிலருந்து விரலை சுலபமா உருவிட்டார்.

"இன்னிக்கு உங்க கழுத்தைத் தொட மாட்டேன். கையில பலம் குறையுது. முதல்ல டாக்டரைப் பாருங்க, எம்.ஆர்.ஐ. எடுக்கணும்"னு சொல்லி, அவரே ஒரு கடிதம் எழுதிக் குடுத்தார்.

எம்.ஆர்.ஐ.ல கழுத்து டிஸ்க் ஒண்ணு பிதுங்கி நரம்பை அழுத்திட்டிருந்தது. இப்போ பிசியோதெரபி ஓடுது. ஆபரேஷன் வேணுமான்னு அடுத்த மாசம் சொல்றாங்களாம். இந்தப் பதிவை முக்கால்வாசி இடது கையாலதான் தட்டறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

அம்மாகிட்ட ஒரு வழியா எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தொடவே இல்லியா? அப்போ ஃபீஸ் வாங்கினாரா?"

வாங்கினார்ம்மா.

"வாங்கட்டும்."