கச்சாயத்தின் ஈரக் கணக்கு

பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், சுக்கு, ஒரு பிடி எள், தடவக் கொஞ்சம் நெய், சுட்டெடுக்கக் கடலை எண்ணெய். கச்சாயத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். மற்ற ஊர்களில் அதிரசம் என்பதை எடப்பாடிப் பக்கம் பல வீடுகளில் கச்சாயம் என்போம். சாமான் இவ்வளவு குறைவாக இருந்தும், தீபாவளிப் பலகாரங்களில் பலரும் கை வைக்கத் தயங்குவது இதில்தான். என் அனுபவத்தில் எல்லாமே ஈரத்தில் இருக்கிறது. அரிசியில் எவ்வளவு ஈரம் நிற்கிறது, பாகில் எவ்வளவு மிஞ்சுகிறது, அன்றைக்கு வானம் எப்படி இருக்கிறது என்று கையால் தெரிந்துகொண்டவருக்குக் கச்சாயம் வந்துவிடும்.

கடையில் மாவுப் பச்சரிசி என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்புவேன். வெயில் ஆகாது, மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். ஐப்பசி மழை பிடித்த நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் அரை மணியில் ஆறுகிற அரிசிக்கு ஒன்றரை மணிகூட ஆகும். கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உள்ளங்கை சில்லென்று இருக்க வேண்டும், நனையக் கூடாது. கையை விரித்து உதறினால் நாலைந்து அரிசி ஒட்டி நிற்கும். அதுதான் பக்குவம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மில்லில் ஈரமாவுக்கென்று ஒரு மிசினை ஒதுக்கிவிடுவார்கள். அரைக்கிறவர் தூக்குக்குள் கைவிட்டுப் பார்த்ததுமே, "அக்கா, இன்னும் கொஞ்சம் ஆறட்டுங்க, மிசின்ல அப்பிக்கும்" என்பார். அவர் சொல்லுக்கு நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்த வாரம் முழுவதும் ஊர் அரிசியைத் தொட்டுப் பார்த்த கை அது. அரைத்த மாவைச் சலித்து, அமுக்கி, ஈரம் போகாமல் மூடிவைக்க வேண்டும். காய்ந்த மாவு பாகைக் குடித்துவிடும், கச்சாயம் கல்லாகிவிடும். பாக்கெட்டில் வருகிற உலர்ந்த அரிசி மாவில் கச்சாயம் சரிப்படாததும் இதனால்தான்.

வெல்லத்தை அறிந்த பூமி இது. பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக்கரைக் கரும்பும், பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலமும் இருக்கின்றன. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. தைப்பூசத்தை ஒட்டிக் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கும் எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது என்பதற்காக வெல்லம் வாங்குவது எனக்குப் பொறுப்பதில்லை. நிறத்துக்காக மருந்து போட்டதாக இருக்கலாம், சீனி கலந்ததாகவும் இருக்கலாம். கரும்புச்சாற்று வெல்லத்தில் குளுக்கோஸ், ஃபுரக்டோஸ் சர்க்கரைகளும் சேர்ந்தே இருக்கும்; அவை பாகைப் படிகமாகவிடாமல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சீனி மிகுந்தால் அந்தக் குணம் குறையும். சுட்ட அன்று நன்றாக இருந்த கச்சாயம் மூன்றாம் நாள் விறைத்துப்போவதற்கு இது ஒரு காரணம். கருப்பாக, உடைத்தால் பிசுபிசுக்கிற உருண்டை வெல்லமே என் தேர்வு.

கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பேற்ற வேண்டும். இந்த இடத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நுரை பெரிதாகப் பொங்கி, பிறகு சிறுத்து அடங்கும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். தூக்கிப் போட்டால் டொக்கென்று கேட்டால் பதம் தாண்டிவிட்டது. வெப்பமானியில் இந்த உருட்டுப் பதம் 112 முதல் 116 டிகிரி செல்சியஸுக்குள் வரும். அந்த நாலு டிகிரி கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். என் அம்மாயி நுரையின் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். "சலசலப்பு நின்னு பொதபொதங்குது பாரு கண்ணு, இப்ப எறக்கு" என்பார்.

இறக்கி வைத்து, ஏலக்காய், சுக்கு, எள்ளோடு மாவைத் தூவிக் கிளறும்போது கலவை தளர்வாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மாவைக் கொட்டக் கூடாது. ஓர் இரவில் இறுகிக்கொள்ளும். நெய் தடவி மூடி ஒரு நாளாவது விட வேண்டும், இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. தறி ஓடும் ஊருக்கு இது பொருத்தமான பலகாரம். பண்டிகைக்கு முந்தின நாள்வரை துண்டும் சேலையும் இறக்கிக்கொண்டிருக்கும் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய யாருக்கு நேரம்? ஒரு ராத்திரி மாவு, வேறொரு ராத்திரி அடுப்பு. கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் படையலுக்கு 21 அதிரசம் எடுத்துவைத்த பிறகே பிள்ளைகள் கையில் கிடைக்கும்.

சுடும்போது தீ தணிந்தே இருக்கட்டும். வாழையிலையில் எண்ணெய் தொட்டுத் தட்டிப் போட்டால், அடியில் போய் மெல்ல மேலே வந்து உப்ப வேண்டும். சூடு கூடினால் வெல்லம் கருகும், நடு வேகாது. எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்தி வடிக்க வேண்டும். அழுத்தாத கச்சாயம் மறுநாள் நெஞ்சைக் கரிக்கும்.

ஈரத்துக்கும் தீக்கும் இப்படிக் கணக்குப் பார்க்கிற பலகாரம் வேறு நாட்டிலும் உண்டு. கொலம்பியாவில் கிறிஸ்துமஸுக்கு முன், டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் ஜெபம் நடக்கும் வீடுகளில் புன்யுவேலோ என்ற சீஸ் உருண்டை பொரிப்பார்கள். உப்புச் சீஸைத் துருவி, மக்காச்சோள மாவும் மரவள்ளி மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைவது. அவர்களுக்கும் தணிந்த எண்ணெய்தான். சூடு மிகுந்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். சீஸில் ஈரம் கூடினாலும் ஆபத்து. தென் அமெரிக்காவில் பிறந்த மரவள்ளி இன்று சேலம், நாமக்கல் மானாவாரிக் காடுகளில் நிற்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாங்கள் குச்சிக்கிழங்கு என்கிற அந்த மரவள்ளியின் மாவை வைத்து அந்த உருண்டையை இங்கேயும் தாராளமாகச் சுடலாம். உப்புச் சீஸுக்குப் பதிலாகப் பனீரைத் துணியில் கட்டிக் கல்லேற்றி, ஒரு சொட்டு நீரில்லாமல் வடித்து, உப்புப் பிசறிக்கொள்ள வேண்டும்.

புதிதாகச் செய்கிறவர்கள் அரைக்கிலோ அரிசியில் ஆரம்பிக்கலாம். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். எண்ணெயில் பிரிந்து போனால் பாகு இளசு. கொஞ்சம் ஈரமாவு சேர்த்துப் பிசையலாம். கடினமாக வந்தால் வெதுவெதுப்பான பால் இரண்டு கரண்டி தெளிக்கலாம். மிஞ்சிய மாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் கார்த்திகைத் தீபத்துக்கு இன்னொரு முறை சுடலாம். காலையிலேயே வெளியே எடுத்துவைத்து, குளிர் விட்டபிறகு நன்றாகப் பிசைந்து தட்டுங்கள்.