பீட்டி சாலையில் ஒரு மாலை

சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில், உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமும் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமும் அருகருகே அமைந்திருப்பதைக் காணுந்தோறும், ஏழைப் பிள்ளையின் கல்வி ஒரு சமுதாயம் முழுவதன் கடமை என்னும் எண்ணமே என் உள்ளத்தில் மேலோங்குகிறது. கடையநல்லூர் முஸ்லிம் பெருமக்கள் 1946இல் நிறுவிய உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டபோதிலும், அதன் திருநாமம் இந்நிலையத்தில் இன்றும் விளங்குகிறது.

இந்திய மாணவர் கல்வியில் பின்தங்கியிருந்த நிலையை மாற்றும் பொருட்டுச் சிண்டா தோன்றியதும், ஆசிரியர்களை உருவாக்கும் தேசியக் கல்விக் கழகம் அமைந்ததும் 1991ஆம் ஆண்டிலேயே. அக்கழகத்தில் பயிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் கிடைப்பதால், வறிய குடும்பத்துப் பட்டதாரியும் கடனுக்கு அஞ்சாமல் இத்தொழிலை மேற்கொள்ள இயலுகிறது. சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளுக்கோ, மாதம் 1 வெள்ளி செலுத்தும் எளிய தொழிலாளியின் சந்தாவும் ஆதாரமாக நிற்கிறது.

நான் கண்ட அத்தகைய ஒரு மாலை வகுப்பில், பின்னக் கணக்கில் தடுமாறிய சிறுவனுக்கு விடையைக் கூறிவிடாது, அவன் அருகில் அமர்ந்து, தாளொன்றை நான்காக மடிக்கச் செய்து, அவனே கண்டுகொள்ளும்வரை காத்திருந்தார் ஓர் இளம் ஆசிரியை. அத்தகைய பொறுமையை முறையான பயிற்சியே ஒருவருக்கு அளிக்க வல்லது. ஆசிரியரைப் பயிற்றுவிப்போரின் பெயர்கள் மேடைகளில் ஒலிப்பது அபூர்வம். ஆயினும் சமத்துவம் என்னும் லட்சியம் வகுப்பறையில் காரியமாவது அவர்களாலேயே. கற்பிக்கும் ஆற்றல் வாய்ந்த நண்பர்களே, வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் இத்துணைப்பாட வகுப்புகளுக்கு மனமுவந்து அளியுங்கள்.