முதுகைப் பார்

எங்கள் பக்கம் மாடு சினை பிடிக்காவிட்டால் பழி முதலில் கர்ப்பப்பைக்குப் போகும். அப்புறம் ஊசிக்கு, ஊசி போட்டவருக்கு, தாது உப்புக்கு. கடைசியில் மலடு என்று பெயர் வைத்துச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். காலை யாரும் கேட்பதில்லை.

அம்மாவின் எச்.எஃப். கலப்பு மாட்டுக்கு மூன்றாவது ஈத்துக்கு அப்புறம் நாலு ஊசி. எதுவும் நிற்கவில்லை. கோபிக்குப் போயிருந்தபோது அவிழ்த்துத் தோப்புவரை நடக்க விடச் சொன்னேன். முதுகு வில்லாக வளைந்தது. “அது எப்பவும் அப்படித்தான் கண்ணு நடக்கும்” என்றார் அம்மா.

1997இல் அமெரிக்காவில் ஸ்ப்ரெச்சரும் இரண்டு சகாக்களும் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். 1 முதல் 5 வரை. கருவி எதுவும் வேண்டாம், முதுகையும் நடையையும் பார்த்தால் போதும். நிற்கும்போது நேராக இருந்து நடக்கும்போது வளைந்தால் 2. நிற்கும்போதே வளைந்திருந்தால் 3. இரண்டைத் தாண்டிய மாடுகளுக்குச் சினை பிடிக்க நாளும் ஊசியும் கூடுதலாகத் தேவைப்பட்டன. ஆனால் நாள் முழுக்கக் கட்டுத்தரையிலேயே நிற்கிற மாட்டின் நடையை யார் பார்ப்பது?

காலுக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம்? வலி உள்ள மாடு தீனிக்கு எழவே தயங்கும். கன்று போட்ட புதிதில் பால் இழுக்கும் சக்தியைத் தீனி எப்படியும் ஈடுகட்டாது. உடம்பு இன்னும் கரையும். வலி கிளப்பும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் முட்டை வெளிவரச் சொல்லும் எல்.எச். துடிப்புகளை அமுக்கும். முட்டை தள்ளிப்போகும், சிலசமயம் வராது. வந்தாலும் மாடு அதைக் காட்ட வேண்டுமே. 21 நாளைக்கு ஒருதரம் பருவத்துக்கு வரும் மாடு இன்னொன்றின் மேல் தாவும், தன்மேல் தாவவிட்டு அசையாமல் நிற்கும். ரெண்டிலும் பாரம் பின்னங்காலில். புண்பட்ட குளம்போடு எது தாவும்? பருவத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் பட்டைகள் வந்துவிட்டன. அன்றைக்கு மாடு அதிகம் நடமாடும் என்பதுதான் அவற்றின் லாஜிக்கே. எங்கள் ஆட்கள் எழுதியதுதான். நொண்டும் மாட்டிடம் அது தடுமாறும்.

முன்பு உழவுக்காளைக்கு லாடம் அடிப்பவர் முதலில் குளம்பைச் சீவுவார். காளை நொண்டினால் அன்றைக்கே ஏர் நின்றுபோகும், அதனால் காலுக்கு மரியாதை. நொண்டுகிற பசு அன்று சாயங்காலமும் பால் கொடுத்துவிடும். அதற்குக் கீழே சாணியும் மூத்திரமும் ஊறிய சிமெண்ட் தரை, முன்னால் வைக்கோலைக் குறைத்துக் கொட்டிய மக்காச்சோள மாவு. மாவு அதிகமானால் வயிறு புளித்து, குளம்புக்குள்ளிருக்கும் சதை நோகும். அதைத் தரை தேய்த்து முடிக்கும்.

கால்நடை டாக்டர் பின்னங்காலைத் தூக்கிக் கட்டி, வெளிப்பக்கக் குளம்பைச் சீவினார். அடியில் புண். பாரம் அதில் விழாமலிருக்க உள்பக்கக் குளம்பில் ஒரு மரக்கட்டையை ஒட்டினார். அடுத்த ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றார்.

அம்மா கட்டுத்தரையில் ரெண்டு வண்டி மண் கொட்டியிருக்கிறார். விலை பேச வந்த வியாபாரியைத் தையில் வரச் சொல்லியிருக்கிறார்.