எங்க ஆயா ஒரு டீச்சரு

எங்க ஆயா தொண்ணூறு வயசைத் தாண்டி வாழ்ந்து 2023இல் செத்தது. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று சபையில் நோட்டீஸ் அடித்தார்கள். ‘டீச்சரம்மா பூட்டாங்க’ என்று சேரி அழுதது. ‘சேரி டீச்சரு செத்துட்டாளாமே’ என்றது ஊர். முப்பது வருஷத்துக்கு மேல் அ, ஆ சொல்லிக் கொடுத்த ஒரு மனுஷிக்கு, ‘டீச்சரு’ என்பதோடு ஒரு ‘அம்மா’வைச் சேர்க்க ஊர்க்காரர்களுக்குக் கடைசி வரைக்கும் நாக்கு வரவில்லை. ஆயாவிடம் படித்த ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. மீசை முளைத்ததும் அவர்களுக்கும் அது ‘டீச்சரு’தான்.

வல்லம் வடகாலை ஒட்டிய சேரி எங்களுடையது. இப்போது அந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் சிப்காட் போர்டும் கன்டெய்னர் லாரியும்தான். ஆயாவின் அப்பா காலத்தில் அங்கே இருந்தது ஏரி, ஏரிக்குக் கீழே கழனி, கழனிக்கு ஒரு மிராசு, மிராசுக்கு ஒரு படியாள். அந்தப் படியாள்தான் ஆயாவின் அப்பா. ஊரில் சாவு விழுந்தால் பறை அடிக்க வேண்டியதும், சாவுச் சேதியை ராத்திரியோடு ராத்திரியாக நடந்துபோய் உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வர வேண்டியதும் அவர்தான். ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து செய்த முதல் காரியம், பறைத் தோலைக் கிழித்து அடுப்பில் போட்டது.

“ஏசு சாமி எங்கப்பனுக்கு இன்னா குடுத்தாரு தெரியுமா? ‘வர மாட்டேன்’னு சொல்ற வாயக் குடுத்தாரு” என்று ஆயா சொல்லும்.

பால் பவுடருக்கு மதம் மாறியவர்கள் என்று எங்களைச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் தோழர்களிலேயே சிலர் இதைக் கொஞ்சம் நாசூக்காகச் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் திரமென்கீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதியது 1891இல். சேரிக்காரன் குடிசை நிற்கும் மண்கூட அவனுக்குச் சொந்தமில்லை, தரிசு நிலம் கேட்டு மனுப்போட்டால் மிராசுதாரன் ‘எனக்குத்தான் முன்னுரிமை’ என்று வந்து நிற்கிறான் என்பதையெல்லாம் அந்த அறிக்கை வெளியே கொண்டுவந்தது. அடுத்த வருஷம், 1892 செப்டம்பர் 30இல், பஞ்சமி நில ஆணை வந்தது. அதே காலத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு பாதிரியார் செங்கல்பட்டில் இருந்துகொண்டு நம் சனங்களுக்கு நிலம் கிடைப்பதற்காக அலைந்தார். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்ரோசாபுரம் அப்படி உண்டான குடியிருப்பு. மிராசுதாரன் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். நம் பக்கம் மனு எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் சனம் வேதத்தில் சேர்ந்தது அந்த மனுவுக்காக. பால் பவுடர் வந்தது அதற்கெல்லாம் ரொம்ப வருஷம் கழித்து, ஆயா டீச்சரான பிறகு. அதைக் கரைத்து ஊற்றியதே ஆயாதான்.

எட்டாவது முடித்து, ஹையர் கிரேடு டிரெயினிங் போய்விட்டு வந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில், இரண்டுக்கும் கட்டடம் ஒன்றே. கரும்பலகையைத் திருப்பிப் போட்டால் பலிபீடம் தெரியும். போதகரை எங்கள் ஆட்கள் ‘ஐயரு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஐயரே பள்ளிக்கூட மேனேஜர். கையெழுத்து ஒரு தொகைக்கும் கைக்கு வருவது ஒரு தொகையாகவும் இருந்த மாதங்கள் உண்டு. மிஷன் செய்த நல்லதைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆயா இதைப் பற்றிப் பேசாது. கேட்டால், “யூதாசு கூட பன்னெண்டு பேர்ல ஒருத்தன்தான்” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

1953இல் ராஜாஜியின் அரைநாள் பள்ளிக்கூடத் திட்டம் வந்தது. மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார்கள். குலக்கல்வி என்று பெரியார் கொதித்த அதே திட்டம். குயவர் பிள்ளைக்குச் சக்கரம் இருக்கிறது, தச்சர் பிள்ளைக்கு உளி இருக்கிறது. படியாள் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? அப்போது ஆயாவுக்கு இருபது வயசு இருந்தால் அதிகம். கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. ஒரு ஷிப்ட் முடிந்த பிள்ளைகளைக் கழனிக்கு விடாமல் ஐயர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து, பெரிய பெண் பிள்ளை ஒருத்தியை வாய்ப்பாடு சொல்ல வைத்தது. பண்ணையிலிருந்து ஆள் வந்து கேட்டால் ‘வேதப் பாடம் நடக்குது’. வேதப் பாடத்தில் ஏன் பதினாறாம் வாய்ப்பாடு வருகிறது என்று கேட்கிற அளவுக்குப் பண்ணை ஆளுக்குக் கணக்குத் தெரியாது. 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. தாழ்வாரத்துப் பாடம் மட்டும் நிற்கவில்லை.

இந்த மனுஷியைத்தான் சட்டம் ‘நீ ஆதிதிராவிடர் இல்லை’ என்றது. 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியில் வர முடியாது. சீக்கியர்களை 1956இல் சேர்த்தார்கள், பௌத்தர்களை 1990இல் சேர்த்தார்கள். கிறித்தவர்கள் வெளியே நிற்கிறோம். தமிழ்நாட்டில் எங்களுக்குப் பி.சி. சான்றிதழ். என் படிப்புக்காகச் சான்றிதழ் வாங்க ஒரு தாலுகா ஆபீசுக்கு ஆயாதான் கூட வந்தது. “சர்ச்சுக்குப் போறீங்க இல்ல, அப்புறம் இன்னா எஸ்.சி.?” என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர். “நான் சர்ச்சுக்குப் போறேன்னு ஊர்த் தெருவுல எங்களுக்கு வீடு வாடகைக்குக் குடுப்பாங்களா, தம்பி?” என்று ஆயா கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை, முத்திரையை மட்டும் குத்தினார்.

எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். வீட்டில் ஒன்று, ரெக்கார்டில் ஒன்று. ஆயா தன் பெயரை மாற்றவில்லை. மாற்றினவர்களைக் குறை சொல்லவும் இல்லை. “பசிக்குப் பொய் சொல்றவன ஆண்டவர் கணக்குல எழுத மாட்டாரு. சொல்ல வெக்கிறவன எழுதுவாரு.” 2023 ஏப்ரலில், தலித் கிறித்தவர்களைச் சேர்க்கச் சொல்லித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றது. ஏமாற்றியது யார் என்று ஆயாவைக் கேட்டிருக்கலாம்.

சிப்காட் வந்த பிறகுதான் ஆயாவின் திண்ணை மறுபடியும் பள்ளிக்கூடமானது. புரோக்கர்கள் பைக்கில் வந்து இறங்கிய காலம். பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பழைய மாணவர்கள், அதாவது ஐம்பது அறுபது வயசு ஆட்கள், ஆயாவிடம் வருவார்கள். ஆயா வாங்கிப் பார்க்காது. “நீயே எழுத்துக் கூட்டிப் படி. உங்கிட்ட ஒப்பேத்தத்தான் நான் ஸ்லேட்டுக் குடுத்தனா?” என்று கேட்கும். நரைத்த தலைகள் உட்கார்ந்து விரல் வைத்துப் படிக்கும். பஞ்சமி நிலமாக இருந்தால், பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பின்னும் நம் சனங்களுக்கே விற்கலாம் என்ற நிபந்தனை வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை சத்தமாகப் படிக்க வைக்கும். அதற்கு மேலும் விற்றவர்கள் விற்றார்கள். மாடி கட்டினவனும் உண்டு, குடித்துத் தீர்த்தவனும் உண்டு. 1994 அக்டோபர் 10இல், காரணை பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே சேரிச் சாவில் ஒரு ஜானும் ஒரு ஏழுமலையும். துப்பாக்கிக்கு ஜாதிச் சான்றிதழ் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து ஆயாவின் ராத்திரி ஜெபத்தில் அந்த இரண்டு பெயரும் சேர்ந்தே வரும்.

ஆயாவின் பக்தியோடு எனக்குச் சண்டை இருந்தது. பகுத்தறிவு பேசுகிறேன் என்று கத்தியிருக்கிறேன். அது விடியற்காலை நாலரைக்கு எழுந்து கீர்த்தனை பாடுவதை நிறுத்தவில்லை, நான் கூட்டத்துக்குப் போவதையும் தடுக்கவில்லை. சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஒரு காலத்தில் நெல் மூட்டை, பரங்கிக்காய், சேவல் எல்லாம் காணிக்கையாக வந்து ஏலம் நடக்கும். கழனி போன பிறகு மார்க்கெட்டில் வாங்கிய வாழைத்தாரும் பிஸ்கட் பாக்கெட்டும் வந்தன. ஒரு வருஷம், கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்த ஒரு பெண் சம்பளக் கவரைக் கொண்டுவந்து வைத்தாள். ஆயா அவளைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “ஞாயித்துக்கிழமை லீவு விடுறானா?” ஷிப்ட் வந்தால் இல்லை என்றாள். “ஆண்டவரே ஏழாம் நாளு ஒக்காந்தாரு. இவன் யாரு?” தொழிற்சங்கக் கூட்டத்தில் நான் பேசியதைவிட அந்தப் பெண்ணுக்கு அது புரிந்திருக்கும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளிப் பெண்கள் தங்குகிற மாதிரி விடுதி திறந்தார்கள். ஆயா இருந்திருந்தால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டிருக்கும்.

ஆயாவின் சாவுக்குத் தோழர்கள் பறையோடு வந்தார்கள். பறை நம் கலை, நம் ஆயுதம் என்று மேடையில் பேசுகிறவள்தான் நானும். இப்போதும் பேசுவேன். ஆனால் தோலைக் கிழித்து அடுப்பில் போட்டவரின் மகள் அங்கே படுத்திருந்தது. தோழர்களிடம் சொன்னேன். ஒருத்தர் கொஞ்சம் முகம் சுளித்தார், மற்றவர்களுக்குப் புரிந்தது. பறை வேனிலேயே இருந்தது. அவர்களும் பெட்டியைத் தூக்கினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஆயாவின் வேதப் புத்தகத்தைப் பிரித்தோம். தடித்த புத்தகம், மூட முடியாதபடி உப்பியிருந்தது. உள்ளே சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவே பட்டா ஜெராக்ஸ், வரி ரசீது, யார் யாருடைய வில்லங்கச் சான்றோ. சேரிக்காரர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் பெயரும் தேதியும், அந்தப் பழைய பள்ளிக்கூடக் கையெழுத்தில். வீடு வீடாகப் போய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு மட்டும் இன்னும் பாக்கி, அந்த வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டு எங்கே போனார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.