ஜோசப் வாஸ் அடிகளாரும் நம்ம தோட்டத்து ஜெபக்கூட்டமும்



தோட்டத்தில் ஜெபக்கூட்டம் நடத்த வெளியூர் ஆட்கள் வருவது பற்றி நம்ம வட்ஸ்அப் குழுக்களில் சூடான பேச்சு. "சேர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று பலர் கேட்டீர்கள். என் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதனால் ஒரு வரியில் பதில் சொல்ல மனமில்லை.

இந்த நாட்டுக்குக் கிறிஸ்தவம் ஒரே வழியில் வரவில்லை. போர்த்துக்கீசரோடு அது படைபலத்தோடும் வந்தது. அவர்கள் விரட்டிய முஸ்லிம்களுக்கு 1626இல் கண்டி மன்னன் செனரத் புகலிடம் கொடுத்தான். அது நம்ம சரித்திரம்.

அதே கண்டிக்கு 1692இல் வேறொருவர் வந்தார். கோவாவில் பிறந்த ஜோசப் வாஸ் அடிகளார். கத்தோலிக்கத்தை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலம். 1687இல் யாழ்ப்பாணத்துக்குப் பிச்சைக்காரர் கோலத்தில் வந்தவர் அவர். தாய்மொழி கொங்கணி, நமக்காகத் தமிழும் சிங்களமும் படித்தார். கண்டியில் உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். 1697இல் அங்கே பெரியம்மை பரவியது. சொந்தங்களே நோயாளிகளைக் கைவிட்டபோது அவர் மதம் பார்க்காமல் பணிவிடை செய்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஈஸா நபியை நாமும் மதிக்கிறோம். குர்ஆனின் 19ஆவது சூராவுக்கே அவருடைய தாயார் மர்யமின் பெயர்தான். ஆனால் அவர் இறைமகன், சிலுவையில் இறந்து உயிர்த்தார் என்பது அவர்களின் நம்பிக்கை, நம்முடையது அல்ல. இதை மழுப்பத் தேவையில்லை. ஜோசப் வாஸும் தன் மதமே உண்மை என்று நம்பியவர்தான். ஆனால் அதை ஏற்காதவரின் புண்ணையும் கழுவினார்.

ஆகவே நான் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பேன். உதவி செய்துவிட்டு அதற்கு விலையாக மதம் மாறச் சொல்கிறார்களா? தாய் தகப்பனுக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் பேசுகிறார்களா? அடுத்தவர் வணக்கத்தை இழிவுபடுத்துகிறார்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. நம்ம தஃவா வேலைக்கும் இதே அளவுகோல்தான்.

2016 மே 17இல் சாமசர மலை சரிந்தபோது, அரநாயக்கவில் மண்ணைத் தோண்டிய கைகள் மதம் கேட்கவில்லை. லயத்துக்கு வருகிறவர்களைப் பற்றிக் குரல்பதிவு அனுப்ப முன்னர், நேரில் போய் ஒரு வார்த்தை பேசுங்கள்.

இன்னுமொன்று. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். எங்கள் கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலர்தான். கற்பிக்க ஆசிரியர் இல்லாததால் சமய பாட நேரத்தில் வேறு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடம் சொல்லித்தர யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். பஸ் காசை நான் தருகிறேன்.